உப்பு நீரிற் கண்ட விதி

புளியந்தீவைச் சூழ்ந்த மட்டக்களப்பு வாவியின் நீர் எக்காலமும் ஒரே சுவையுடையதன்று. மாரி வெள்ளம் பெருகுங்கால் உப்புக் குறையும். முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் புகுங்கால் உப்பு மிகும். காற்றும் நீரோட்டமும் இக்கலப்பை விரைவுபடுத்துகின்றன. ஆயின் சிறிதும் அசையாத நீரிலும் உப்புத் தானாகவே பரவும். அப்பரவலை ஆளும் விதியே சிலிக்கன் சில்லுகளை ஆக்குவதற்கும் துணைநின்றது என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும்.

1855ஆம் ஆண்டில் அடொல்ப் பிக் என்னும் செருமானிய உடலியல் அறிஞர், உப்பு நீரிற் பரவும் முறையை அளந்து ஆராய்ந்தார். செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்தை நோக்கி உப்புச் செல்லும்; செறிவு வேறுபாடு மிக மிக அதன் விரைவும் மிகும் என்று அவர் கண்டார். இருமடங்கு தூரம் பரவுதற்கு நான்கு மடங்கு நேரம் வேண்டும் என்பதும் இதனாற் பெறப்படும்.

நூறாண்டு கழிந்தபின் குறைகடத்தித் தொழிலினர் இவ்விதியைக் கைக்கொண்டனர். தூய சிலிக்கனிற் போரன், பொசுபரசு முதலியவற்றின் அணுக்களை வேண்டிய ஆழத்திற்குப் புகுத்தினாலன்றி அது மின்னை ஆளும் கருவியாகாது. ஏறக்குறைய 1,000 பாகை செல்சியசு வெப்பமுள்ள உலையிலே அவ்வணுக்கள் திண்மத்தினுள் மெல்ல ஊர்ந்து செல்கின்றன. ஆழம் பிழைத்தாற் சில்லுப் பழுதாகும். ஒவ்வொரு முறையும் உலையிலிட்டுப் பார்ப்பதோ பொருளையும் காலத்தையும் விழுங்கும் வேலை. ஆகவே உலையில் நிகழவிருப்பதை முன்னரே கணினியிற் கணித்துப் பார்க்க முற்பட்டனர். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 1977இல் வெளிவந்த 'சுப்ரெம்' என்னும் கணினி நிரல் இத்துறைக்கு வழிகாட்டியாயிற்று.

எனினும் பிக்கின் எளிய விதி மட்டும் போதவில்லை. உலையிலிருந்து எடுத்து அளந்தபோது, பொசுபரசு கணக்குக் கூறியதினும் ஆழமாகச் சென்றிருந்தது. அதன் கீழிருந்த போரனும் மேலும் கீழே தள்ளப்பட்டிருந்தது. காரணத்தை ஆராய்ந்த அறிஞர், படிகத்தில் அணுவில்லாத வெற்றிடங்களும், வரிசையிற் சேராது இடையே நிற்கும் அணுக்களும் பரவலை மாற்றுவதைக் கண்டனர். இவற்றையும் கணக்கிற் சேர்த்தபின்னரே கணித்ததும் அளந்ததும் நெருங்கி வந்தன.

இன்று சில்லுத் தொழிற்சாலைகள் புதிய செய்முறையொன்றைத் தொடங்குமுன் கணினியில் அதனை நடத்திப் பார்ப்பது வழக்கமாயிற்று. ஆயினும் கணக்கிற்குத் தீர்ப்பளிப்பது அளவையே. அத்தகைய ஆலையொன்றை எழுப்பப் பெருஞ்செல்வம் வேண்டும். அதன் அடிப்படையான விதியை அறிதற்கோ ஒரு கண்ணாடிப் பாத்திரமும் உப்பு நீரும் பொறுமையும் போதும். வாவிக்கரைப் பாடசாலை மாணவர்க்கும் அவ்வாயில் திறந்தே இருக்கின்றது.