‘லேசா ஷாக்தான் அடிக்குது!’ - கிரைண்டர் முதல் மோட்டார் கொட்டகை வரை... நீங்கள் கவனிக்க வேண்டியவை

ஒரத்தநாடு பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு வீட்டிலாவது இந்த வசனத்தைக் கேட்கலாம். “கிரைண்டரைத் தொட்டா லேசா ஷாக் அடிக்கும், செருப்பு போட்டுக்கிட்டு மாவாட்டு!” என் அப்பாயி வீட்டிலும் பல வருஷம் இதேதான் வழக்கம். மாவு வழிக்கும்போது விரல் நுனியில் ‘சுர்’ரென்று இழுக்கும். அதை ஒரு பிரச்னையாகவே யாரும் நினைக்கவில்லை. ஒரு ஜோடி ரப்பர் செருப்புதான் எங்கள் வீட்டுப் பாதுகாப்புக் கருவி.

அந்த ‘லேசான ஷாக்’ என்ன தெரியுமா? கிரைண்டர் மோட்டாருக்குள் ஒயரின் மேல் பூச்சு கெட்டு, மின்சாரம் வெளிப்பக்க உலோகத்துக்குக் கசிகிறது. எர்த் சரியாக இருந்தால் அது தரைக்குள் போய்விடும். இல்லையென்றால், தொடுகிறவரின் உடம்புதான் எர்த். இன்றைக்கு லேசாக இருப்பது, கை ஈரமாகவோ தரை ஈரமாகவோ இருக்கும் நாளில் லேசாக இருக்காது.

“அதான் ப்யூஸ் இருக்கே” என்கிறீர்களா? ஒரு சின்னக் கணக்கு. 9 வாட் எல்.இ.டி பல்பு எரிய, 230 வோல்ட்டில் சுமார் 40 மில்லி ஆம்பியர் போதும். அதே அளவு மின்சாரம் நெஞ்சு வழியாகச் சில நொடிகள் பாய்ந்தால், இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். சுமார் 10 மில்லி ஆம்பியரிலேயே தசைகள் இறுகி, பிடித்த கையை விட முடியாமல் போகும். உங்கள் வீட்டு ப்யூஸோ 5 ஆம்பியர். அதாவது 5,000 மில்லி ஆம்பியர். மனிதர் விழுந்துகிடந்தாலும் ப்யூஸ் போகாது. எம்.சி.பி-யும் அப்படித்தான். இவை இரண்டும் ஒயர் தீப்பிடிக்காமல் காப்பதற்காக இருப்பவை, ஆளைக் காப்பதற்காக அல்ல.

ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. வீட்டுக்குள் போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே ‘எங்கேயோ கசியுது’ என்று கண் இமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டித்துவிடும். வாங்கும்போது அதன் மேல் 30 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 100, 300 என்றும் கடையில் கிடைக்கும், அவை ஆளைக் காக்கப் போதாது. அதில் ‘டி’ என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்குங்கள். டக்கென்று விழ வேண்டும், விழாவிட்டால் மாற்ற வேண்டும். ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் என்று இரண்டையும் பிடித்தால் மட்டும் இந்தக் கருவிக்கும் தெரியாது. அதனால் ஆர்.சி.சி.பி இருக்கும் தைரியத்தில் மெயினை அணைக்காமல் ஸ்விட்ச் போர்டைக் கழற்றாதீர்கள்.

அப்புறம் அந்த மூன்று பின் பிளக். மேலே இருக்கும் பெரிய பின் நீளமாக இருப்பதற்குக் காரணம், சொருகும்போது அது முதலில் தொட்டு, உருவும்போது கடைசியாக விலக வேண்டும் என்பதுதான். அதை உடைத்துவிட்டு இரண்டு பின் ஓட்டையில் சொருகுகிற வீடுகள் ஏராளம். எர்த் குழியையும் மறந்துவிடுகிறோம். கரியும் உப்பும் போட்டுப் புதைத்த பைப்புக்குக் கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது.

மோட்டார் கொட்டகைக்குள் நுழையும் முன்...

ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பு என்றால், அதற்கு முன்பே நாற்றங்காலுக்கு போர் மோட்டார் ஓட ஆரம்பித்துவிடும். பல மாதம் மூடிக்கிடந்த ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் எலி ஒயரைக் கடித்திருக்கலாம், பல்லி செத்துக் கிடக்கலாம், குளவி கூடு கட்டியிருக்கலாம். மெயினை இறக்கி, மூன்று பேஸிலும் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே திறக்க வேண்டும். கெப்பாசிட்டர் இருந்தால் இன்னும் கவனம். மெயினை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

மூன்று பேஸ் மோட்டாரின் உடலுக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஒன்று அறுந்தாலும் இன்னொன்று காப்பாற்றும். சேற்றுக்காலோடு வந்து ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்குவது நம் ஊரில் சகஜம். பெட்டிக்கு முன்னால் ஒரு காய்ந்த பலகையோ ரப்பர் விரிப்போ போட்டுவையுங்கள். டிரான்ஸ்பார்மரில் ப்யூஸ் போனால் லைன்மேன் வரும்வரை காத்திருங்கள். “நானே போட்டுடுறேன்” என்று ஏறுகிற வீரம் வேண்டாம். மின்கம்பத்திலும் அதன் இழுவைக் கம்பியிலும் மாட்டைக் கட்டாதீர்கள், துணி காயப்போடும் கம்பியைக் கட்டாதீர்கள்.

எலிக்காக வயலைச் சுற்றிக் கம்பி இழுத்து கரன்ட் கொடுப்பது சட்டப்படி குற்றம். விடியற்காலையில் தண்ணீர் பார்க்க வரும் பக்கத்து வயல்காரருக்கு அந்தக் கம்பி கண்ணுக்குத் தெரியாது. மூங்கிலில் செய்யும் ‘தஞ்சாவூர் கிட்டி’ என்று எலிப்பொறிக்கே நம் மாவட்டத்தின் பெயர் இருக்கும்போது, இந்த வேலை எதற்கு?

தலைக்கு மேலே பாருங்கள்

2022 ஏப்ரல் 27 அதிகாலை. தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழா தேர், திரும்பும்போது மேலே போன உயர் மின்னழுத்தக் கம்பியில் உரசியது. குழந்தைகள் உட்பட 11 பேர் இறந்துபோனார்கள். அதற்கு முந்தைய வருஷம் ஜனவரியில் திருக்காட்டுப்பள்ளி அருகே வரகூரில், தாழ்வாகத் தொங்கிய கம்பியில் தனியார் பஸ் உரசி 4 பேர் இறந்தார்கள். இரண்டிலும் யாரும் மின்சாரத்தைத் தேடிப் போய்த் தொடவில்லை.

வைக்கோல் ஏற்றிய லாரி, அறுவடை மெஷின், இரும்புத் துறட்டி, கோயில் சப்பரம், அலங்கார வளைவு... கம்பிக்குக் கீழே போகும் எதையும் முதலில் அளந்து பாருங்கள். சாலையை மேலே மேலே போட்டு உயர்த்திக்கொண்டே போகிறோம், கம்பி மட்டும் அதே உயரத்தில்தான் இருக்கிறது. ஊர்வலத்துக்கு முன்பே மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்தால் அந்த நேரத்துக்கு லைனை நிறுத்துவார்கள்.

கஜா சமயத்தில் நம் வட்டாரம் பட்ட பாடு மறக்காது. 2018 நவம்பர் 16 புயலுக்குப் பிறகு பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. வாடகை ஜெனரேட்டர் வைத்துத்தான் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினோம். அதில் ஓர் ஆபத்து உண்டு. சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்கில் கொடுத்தால், மின்சாரம் வெளியே போய் டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறும். நம் 230 வோல்ட் அந்தப் பக்கம் 11,000 வோல்ட்டாகி, ‘லைன் ஆஃப்’ என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய ஊழியரைக் கொன்றுவிடும்.

கம்பி அறுந்து கிடந்தால் பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். தண்ணீர் நின்ற வயலில் விழுந்திருந்தால் வரப்பில்கூட இறங்க வேண்டாம். ஏற்கெனவே பக்கத்தில் இருந்தால் ஓடாதீர்கள். பாதங்களைச் சேர்த்து, தரையை விட்டுத் தூக்காமல் இழுத்து இழுத்து நகருங்கள். அகலமாகக் கால் வைத்தால் இரண்டு காலுக்கும் நடுவே மின்சாரம் பாயும்.

யாராவது ஷாக்கில் மாட்டிக்கொண்டால் முதலில் மெயின். அது முடியாதபோது, வீட்டு லைன் என்றால் மட்டும், காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிடலாம். உயர் அழுத்தக் கம்பியில் அதுவும் கூடாது. பிறகு 108. மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவே இரண்டு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்துங்கள். எழுந்து உட்கார்ந்து “ஒண்ணுமில்ல” என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ஈ.சி.ஜி எடுங்கள்.

புகாருக்கு மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண் 94987 94987. மின் இணைப்பு எண்ணைக் கேட்பார்கள். கொட்டகைச் சுவரில் பெயின்டால் பெரிதாக எழுதிவைத்துவிட்டால், நடுவயலில் நின்றுகொண்டு வீட்டுக்கு போன் போட்டு அட்டையைத் தேடச் சொல்ல வேண்டியிருக்காது.