மரம் உண்ட மருந்து

கறையானும் காளானும் மரத்தின் பழம்பகைவர். அவற்றை வெல்லும் வழி கண்ட பெருமை நம் நாட்டிற்கும் உண்டு. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொண்டி காமேசம் என்னும் அறிஞர் 1933-ஆம் ஆண்டில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகியவற்றின் சேர்மங்களைக் கொண்டு ஒரு கரைசலை ஆக்கினார். ‘ஆஸ்கு’ என்ற பெயருடன் அது பல நாடுகளிலும் பரவியது. கம்பங்களும் தூண்களும் உளுத்துப் போகாமல் பல்லாண்டு நின்றன. இரயில் பாதைக் கட்டைகளுக்கோ, நிலக்கரித் தாரினின்று வடித்த கிரியோசோட்டு எண்ணெய் ஊட்டப்பெற்றது.

ஆயின், மரத்தைக் காத்த நஞ்சு மரத்திலேயே தங்கிவிட்டது. ஆர்சனிக் என்பது நம் முன்னோர் அஞ்சிய பாஷாண வகையன்றோ! அம்மரத்தை அறுத்தால் தூளிலும், எரித்தால் புகையிலும் சாம்பலிலும் அது வெளிப்படும்; மழையில் சிறிது சிறிதாக மண்ணிலும் இறங்கும். அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு, வீட்டுப் பயனுக்கென இம்மருந்தை மரத்திற்கு ஊட்டும் வழக்கம் பெரும்பாலும் கைவிடப்பட்டது.

பழங்கட்டடங்களைப் புதுக்குவோர், பழமைக்குப் பழமை பொருந்துமென்று இரயில் கட்டைகளைப் படிகளாகவும் இருக்கைகளாகவும் அமைப்பதுண்டு. கடும் வெயிலில் கிரியோசோட்டு கசிந்து, தொடுவோர் தோலைப் புண்படுத்தும். கழித்துப் போட்ட துண்டுகள் விறகாக நம் குடியிருப்புக்கும் வந்து சேரலாம். போகித் தீயிலோ வெந்நீர் அடுப்பிலோ அவை புகலாகா. அச்சாம்பலால் பாத்திரம் துலக்கலும் ஆகாது.

பழமரத்தின் வயதை வியந்து கேட்கும் நாம், அது உண்ட மருந்தையும் கேட்டறிவோமாக!