தோல்விக்குப் பின் ஒரு தர்க்கம்: துருக்கியின் ஃபளீலத் கட்சி

தேர்தலில் வென்ற கட்சிகள் பதவிகளைப் பங்கிடும்போது பிளவுறுவதுண்டு. தோற்ற கட்சிகளோ தோல்விக்குக் காரணம் தேடும்போது பிளவுறுகின்றன. இவ்விரண்டாம் வகைக்குத் துருக்கியின் ஃபளீலத் கட்சி தக்கதொரு சான்றாகும். அதன் வரலாறு 'மிதவாதிகளுக்கும் கடும்போக்கினருக்கும் நிகழ்ந்த மோதல்' என்றே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. இவ்வழக்கு எவ்வளவு பொருந்தும் என்பதையே நாம் ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

பேராசிரியர் நஜ்முத்தீன் எர்பகான் 1969 இல் தொடங்கிய 'மில்லி கொரூஷ்' இயக்கம் பல கட்சிகளாக உருமாறி வளர்ந்தது. ஒன்று தடை செய்யப்படும்போது மற்றொன்று தோன்றும். அவ்வகையில் 1983 இல் எழுந்த ரஃபாஹ் கட்சி, 1995 டிசம்பர் தேர்தலில் 21.4 விழுக்காடு வாக்குகளும் 158 இடங்களும் பெற்று முதலிடம் வந்தது. 1996 ஜூனில் எர்பகான் பிரதமரானார். ஆயின் 1997 பிப்ரவரி 28 அன்று இராணுவத் தளபதிகள் தொடங்கிய நெருக்குதலால் அவ்வாண்டு ஜூனிலேயே பதவி துறந்தார். 1998 ஜனவரியில் அரசியல் சாசன நீதிமன்றம் கட்சியைக் கலைத்து, அவர் ஐந்தாண்டுகள் அரசியலில் ஈடுபடவும் தடை விதித்தது.

முன்கூட்டியே நிறுவப்பட்டிருந்த ஃபளீலத் கட்சி அவ்விடத்தை நிரப்பியது. ரஜாயி கூத்தான் அதன் தலைவர். எனினும் இறுதிச் சொல் எர்பகானுடையது என்பதை அனைவரும் அறிந்திருந்தனர். 1999 ஏப்ரல் 18 தேர்தலில் இக்கட்சி 15.4 விழுக்காட்டுக்கும் 111 இடங்களுக்கும் இறங்கியது. வியப்பு யாதெனில், அதே நாளில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் இஸ்தான்பூலையும் அங்காராவையும் அது தக்கவைத்துக்கொண்டது. நகராட்சியில் கட்சியை நம்பிய மக்களுள் பலர் நாடாளுமன்றத்திற்கு அதை நம்பவில்லை. இவ்வேறுபாட்டிற்கு விளக்கம் காண்பதில்தான் கருத்து மோதல் முற்றியது.

மே 2 அன்று தலைமறைப்புடன் அவைக்கு வந்த உறுப்பினர் மர்வா கவாக்ஜி பதவியேற்க இயலாது போயிற்று. ஐந்து நாட்களில் கட்சியைக் கலைக்கக் கோரி வழக்கும் தொடுக்கப்பட்டது. இவ்வாறு தலைக்குமேல் வாள் தொங்கிய நிலையில் இரு அணிகள் உருவாயின. மூத்தோர் அணியினர் 'மரபினர்' எனவும், இளையோர் அணியினர் 'புதுமையினர்' எனவும் அழைக்கப்பட்டனர். பின்னவருள் முன்னின்றவர் அப்துல்லாஹ் குல். ஜித்தாவின் இஸ்லாமிய வளர்ச்சி வங்கியில் பணியாற்றிய பொருளியலறிஞர். இஸ்தான்பூலின் முன்னாள் மேயர் ரஜப் தையிப் எர்துகான், கூட்டமொன்றில் கவிதை வாசித்த குற்றத்திற்காகச் சிறை சென்றவர். அரசியல் தடையின் கீழ் இருந்தமையால் அவர் போட்டியிட இயலவில்லை.

2000 மே 14 அன்று கூடிய கட்சிப் பேராயத்தில் கூத்தானை எதிர்த்துக் குல் நின்றார். தலைவரின் விருப்பத்தைக் கேட்டுக் கைதூக்குவதே வழக்கமாயிருந்த இயக்கத்தில் இது கேள்விப்படாத செயல். கூத்தான் 633 வாக்குகள் பெற்றார். குல் 521 பெற்றார். தோற்றவர் பின்னே நூற்றுக்கு நாற்பத்தைந்து பேர் நின்றனர் என்பதே அன்றைய உண்மையான செய்தி.

இங்கு நாம் ஒன்றைக் கருத வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைவதை முன்னர் எதிர்த்த இயக்கம், ஃபளீலத் காலத்தில் அதனை ஏற்றுக்கொண்டுவிட்டது. கட்சித் தடையை எதிர்த்து மரபினரே ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை நாடினர். ஆகவே கொள்கை அறிக்கையளவில் இரு சாராருக்கும் இடைவெளி சிறிதே. உண்மையான பிணக்கு, முடிவெடுப்பவர் யார் என்பது பற்றியது. கலந்தாலோசனையை, அதாவது ஷூராவை, சமூகத்திற்கு எடுத்துரைக்கும் கட்சி தன் இல்லத்துள் அதனைக் கடைப்பிடிக்கிறதா என்பதே புதுமையினரின் வினா. அடக்குமுறைக் காலத்தில் அணி குலைவது பகைவர்க்கே பயன்படும் என்பது மரபினரின் விடை. இரண்டுமே எளிதில் தள்ளத்தக்கவை அல்ல.

2001 ஜூன் 22 அன்று நீதிமன்றம் ஃபளீலத்தைக் கலைத்தது. ஒரே கூரையும் இல்லாதுபோகவே, ஜூலையில் மரபினர் சஆதத் கட்சியையும், ஆகஸ்ட் 14 அன்று புதுமையினர் நீதி வளர்ச்சிக் கட்சியையும் நிறுவினர். 2002 நவம்பர் 3 தேர்தலில் நீதி வளர்ச்சிக் கட்சி 34.3 விழுக்காட்டுடன் 550 இல் 363 இடங்களை வென்றது. சஆதத் 2.5 விழுக்காட்டுடன் வெறுங்கையோடு நின்றது. பத்து விழுக்காட்டுத் தடையரண் பிற கட்சிகளை வெளியேற்றியதும் இப்பெருவெற்றிக்குக் காரணம் என்பதை மறத்தலாகாது.

எனினும் வரலாறு அங்கே முடிந்துவிடவில்லை. 2016 மே மாதம் பிரதமர் தாவூத் ஓக்லு எர்துகானுடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் பதவி விலகினார். 2019 இல் தனிக்கட்சி கண்டார். நிறுவனருள் ஒருவரான அலீ பாபாஜான் 2020 இல் மற்றொரு கட்சி தொடங்கினார். அவர்கள் எழுப்பிய குற்றச்சாட்டு, கட்சியில் ஆலோசனை அருகி ஒருவர் சொல்லே ஓங்கிவிட்டது என்பதே. 2000 இல் எழுப்பப்பட்ட வினா, அதனை எழுப்பியவர்களின் வாயிலிலேயே மீண்டும் வந்து நின்றது.

எனவே 'மிதம்', 'கடுமை' என்னும் அடைமொழிகளைக் கொண்டு இவ்வரலாற்றை அளப்பது போதாது என்பதே நம் துணிபு. அவை ஒருவர் பேசும் பேச்சைக் குறிக்குமேயன்றி, மறுத்துப் பேசுவோர்க்கு அவர் எவ்வளவு இடம் தருகிறார் என்பதைக் குறிக்க மாட்டா. 521 பேர் மறுத்துக் கைதூக்கியபோது அவர்களோடு அமர்ந்து பேச ஒரு முறை இருந்திருப்பின், இயக்கம் இரண்டாகாமல் இருந்திருக்கக்கூடும். அத்தகைய முறையை வகுக்கும் கடமை, வென்றவர்க்கும் எஞ்சியிருந்தது.