வெயிலுக்கு அஞ்சி மலையேறியவர்கள்

ஆண்டுதோறும் ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் சஞ்சரிக்கும் என்ற அறிவித்தலை வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடுவதும் பத்திரிகைகள் அதனைப் பிரசுரிப்பதும் வழமை. செய்தி மேசையில் இருந்த காலத்தில் அதற்கு எத்தனை தடவை தலைப்பிட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. அதே நாட்களில்தான் நுவரெலியாவில் 'சீசன்' களைகட்டும். வீரமுனை, சம்மாந்துறை, கல்முனைப் பக்கங்களிலிருந்தும் வான் பிடித்துக் குடும்பம் குடும்பமாக மலையேறுவர். வெயிலுக்குத் தப்புவதே நோக்கம். வெக்கைக்குத் தப்புகிறார்கள் என்பது உண்மை. வெயிலுக்குத் தப்புகிறார்களா என்பது வேறு கேள்வி.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. எமது கரையோரத்தை விட அங்கு பன்னிரண்டு பாகை வரை குளிர்ச்சி. ஆனால் சூரியனிலிருந்து வரும் ஊதாக்கடந்த கதிர், தமிழ்நாட்டார் வழக்கில் புறஊதாக் கதிர், ஏறக்குறைய ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் பத்துச் சதவீதம் கூடிச்செல்வது. மேலே செல்லச் செல்ல, கதிரைச் சிதறடிக்கும் காற்றும் தூசும் குறைந்துவிடும். அயனவலயத்தில் ஓசோன் படையும் இயல்பாகவே மெலிந்தது. சூரியன் உச்சியில் நிற்கையில் கதிர் அதனைக் குறுக்காகக் கடக்கும் தூரமும் மிகச் சொற்பம். மெல்லிய முகிலும் மூடுபனியும் இக்கதிரைப் பெரிதாகத் தடுப்பதில்லை. ஆகவே தோலில் குளிர் உறைக்கும்போதே தோல் கருகவும் கூடும்.

வெப்பமும் இக்கதிரும் ஒன்றல்ல என்பது நேற்றுக் கண்டறிந்த சங்கதியன்று. ஜேர்மனியரான ரிட்டர், ஊதா நிறத்துக்கு அப்பால் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் வெள்ளிக் குளோரைட்டு கறுப்பதை 1801இல் கண்டார். சுமார் இருபது ஆண்டுகளின் பின் எவரார்ட் ஹோம் என்ற ஆங்கிலச் சத்திரசிகிச்சை நிபுணர் தம் கைகளையே வெயிலில் நீட்டிச் சோதித்தார். வெறுங்கை கொப்புளித்தது. கறுப்புத் துணி போர்த்த கை அதனினும் அதிகமாகச் சூடேறியும் புண்படவில்லை. எளிமையான சோதனைதான், அதன் பொருளை உணர ஐரோப்பியருக்கு மேலும் ஒரு நூற்றாண்டு பிடித்தது.

அக்காலத்திலேதான் வெள்ளையர் எமது மலைநாட்டைக் 'கண்டுபிடித்தனர்'. நுவரெலியாச் சமவெளிக்கு ஜோன் டேவி 1819இல் சென்றார். காய்ச்சலிலிருந்து தேற அங்கு வந்த சாமுவேல் பேக்கர், 1848 அளவில் இங்கிலாந்திலிருந்து குடியானவர்களையும் கால்நடைகளையும் வரவழைத்து ஓர் ஆங்கிலக் கிராமத்தையே அமைக்க முனைந்தார். ஊட்டி, கொடைக்கானல், சிம்லா எல்லாம் இதே நினைப்பில் எழுந்தவை. கீழேயிருக்கும் வெயில் கொல்லும், மலை காக்கும் என்பது நினைப்பு.

அந்த அச்சத்தின் சின்னம்தான் சோலா தொப்பி. குளங்களிலும் சதுப்பிலும் வளரும் நெட்டியில் செய்வது. நாம் நெட்டி மாலை கட்டும் அதே பொருள். உண்மையான ஆபத்து தோலுக்கும் கண்ணுக்கும். துரைமார் அஞ்சியதோ மண்டையோட்டையும் முதுகந்தண்டையும் துளைத்து மூளையையும் நரம்பையும் கதிர் தாக்கும் என்று. அதற்காக முதுகில் துணி மெத்தையும் கட்டிக்கொண்டனர். ஊதாக்கடந்த கதிர் தோலின் மேற்பரப்பைத் தாண்டி ஆழச் செல்லாது என்பதை இன்று பாடசாலைப் பிள்ளையும் அறியும். அமெரிக்க இராணுவ வைத்தியரான சார்ள்ஸ் வூட்ரப், அயனவலய ஒளி வெள்ளையர்மீது ஏற்படுத்தும் விளைவுகள் பற்றி 1905இல் ஒரு நூலே எழுதினார். இலண்டனில் லூயி சம்பொன் என்பவர், சுதேசிகளின் தோலைப் பின்பற்றுவதாகச் சொல்லி, உட்புறம் சிவந்த 'சொலாரோ' துணியை உருவாக்கினார். பிலிப்பைன்ஸில் நூற்றுக்கணக்கான சிப்பாய்களுக்குச் செம்மஞ்சள் உள்ளாடை அணிவித்துச் சோதித்துப் பார்த்தார்கள். பயனேதுமில்லை, புழுக்கம்தான் மிச்சம் என 1910இல் முடிவு வெளியானது. சிரிப்பு வருகிறது, ஆனால் இராணுவம் சோலா தொப்பியைக் கைவிட இரண்டாம் உலகப் போர் வரவேண்டியிருந்தது.

வூட்ரப்பின் நூல் 'வெள்ளை மனிதர்' என்றே தலைப்பில் சொல்கிறது. மலையில் துரை தொப்பியோடு குதிரையில் போனபோது, அதே சரிவில் காலை முதல் மாலை வரை நின்றவர்கள் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தோட்டத் தொழிலாளர்கள். முதலில் கோப்பி, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துறையில் தொடங்கிய பின்னர் தேயிலை. கறுத்த தோலுக்கு ஒன்றும் ஆகாது என்பதே அன்றைய எண்ணம். அதில் பாதி உண்மையுண்டு. மெலனின் என்ற நிறப்பொருள் தோலைப் பெருமளவு காக்கிறது. மனிதரின் தோல்நிறம் அந்தந்த நிலத்தின் ஊதாக்கடந்த கதிர் அளவோடு ஒத்துப்போவதை ஜப்லொன்ஸ்கியும் சப்ளினும் 2000ஆம் ஆண்டில் வரைபடமாகவே காட்டினர். தோற் புற்றுநோய் எம்மவரிடையே அரிது. ஆனால் கண்ணுக்கு அந்தக் காவல் போதாது. நெடுங்காலம் இக்கதிர் படுவது கண்புரைக்கும், வெண்விழியில் சதை வளர்வதற்கும் காரணங்களில் ஒன்று. மலைத் தொழிலாளிக்கு மட்டுமன்று, வீரமுனை வயலில் நிற்பவருக்கும் கல்முனைக் கடலில் தோணி தள்ளுபவருக்கும் இது பொருந்தும்.

உயரத்தின் வலிமைக்கு உச்ச எடுத்துக்காட்டாகப் பொலிவியாவின் லிக்கன்காபூர் எரிமலையைக் கூறுவர். 5900 மீற்றருக்கு மேற்பட்ட அதன் முகட்டில் 2003 டிசம்பர் 29 அன்று ஊதாக்கடந்த கதிர்ச் சுட்டெண் 43.3 எனப் பதிவானதாக 2014இல் ஆய்வாளர் அறிவித்தனர். அதனை ஏற்காதோரும் உளர். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் 11க்கு மேற்பட்டாலே அது அதிதீவிரம். எமது நாட்டில் அந்த 11ஐத் தாண்ட எரிமலை தேவையில்லை. முகிலற்ற ஏப்ரல் நண்பகல் போதும். அதற்குமேல் கூடுவதே நுவரெலியாவின் பங்கு.

சீசனுக்குச் செல்வோர் இரண்டு நாளில் இறங்கிவிடுவர். கொழுந்து பறிக்கும் பெண்கள் அங்கேயே நிற்பர். அவர்கள் தலையில் போட்டுக்கொள்ளும் துணி, கூடைக் கயிறு தலையை அறுக்காமல் தாங்குவதற்கும் ஆனது. கண்ணுக்கு நிழல் தரும் அளவுக்கு அது முன்னே நீள்வதில்லை.