இழைய மாதிரியைப் பேணும் முறையும் வைரஸ் டி.என்.ஏ பரிசோதனையும்

புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட இழையத்தில் “வைரஸ் இல்லை” என்று அறிக்கை வந்தால், அதற்கு இரண்டு பொருள் இருக்கலாம். வைரஸ் உண்மையிலேயே இல்லாதிருக்கலாம். அல்லது அது இருந்தும், மாதிரி பேணப்பட்ட விதத்தால் பரிசோதனைக்குச் சிக்காமல் போயிருக்கலாம்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் இதற்கு நல்ல உதாரணம். ஜேர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனின் குழு 1983இல் மனித பப்பிலோமா வைரஸின் 16ஆம் வகையை இப்புற்றுநோய் இழையத்தில் கண்டறிந்தது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1995இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில் 93 வீதமான கட்டிகளில் இவ்வைரஸ் காணப்பட்டது. எஞ்சியவை வைரஸ் இன்றி உருவானவையா? அம்மாதிரிகள் மீளச் சோதிக்கப்பட்டு 1999இல் வந்த முடிவு 99.7 வீதம். முதலில் தவறியதற்குக் காரணம், தரம் குறைந்த மாதிரிகளும், முதற் பரிசோதனை தேடிய வைரஸ் மரபணுப் பகுதி சில கட்டிகளில் சிதைந்திருந்ததுமே.

போர்மலின் செய்வது என்ன?

வைத்தியசாலைகளில் வெட்டியெடுக்கும் இழையம் பெரும்பாலும் போர்மலினில் இடப்பட்டு, பின்னர் பரபின் மெழுகில் பதிக்கப்படுகிறது. கலங்களின் வடிவம் கெடாமல் இருப்பதால் நுணுக்குக்காட்டியில் நோயை இனங்காண இது மிகச் சிறந்த முறை. அறை வெப்பநிலையிலேயே பல ஆண்டுகள் வைத்திருக்கலாம்.

ஆனால் போர்மலின் டி.என்.ஏயைப் புரதங்களுடன் பிணைத்துவிடுகிறது. நீண்ட இழை துண்டு துண்டாகிறது. அமிலத்தன்மை சமப்படுத்தப்படாத போர்மலினில் சேதம் இன்னும் அதிகம். இழையத்தை உடனே திரவத்தில் இடாமல் தாமதித்தாலும், தேவைக்கு அதிகமான நாட்கள் ஊறவிட்டாலும் பாதிப்புக் கூடும். பிக்ரிக் அமிலம் கலந்த பூவான் திரவம் போர்மலினைவிட மோசமானது.

மிகக் குறைந்த வெப்பநிலையில் உறையவைப்பதே டி.என்.ஏக்குப் பாதுகாப்பானது. மறை 80 பாகை செல்சியஸ் குளிரூட்டியோ, மறை 196 பாகையிலுள்ள திரவ நைதரசனோ இதற்குத் தேவை. குளிரூட்டிக்கு மின்சாரம் தடைப்பட்டால் மாதிரி பழுதாகக்கூடும். எனவே எல்லா வைத்தியசாலைகளுக்கும் இது இயலாது. எதனோலில் பேணுவது இடைப்பட்ட வழி. அது டி.என்.ஏயைப் புரதத்துடன் பிணைப்பதில்லை.

சிறு துண்டைத் தேடுதல்

பி.சி.ஆர் முறை வைரஸ் மரபணுவின் ஒரு பகுதியைப் பெருக்கிக் காட்டுகிறது. பப்பிலோமா வைரஸுக்குப் பயன்பட்ட ஒரு பழைய பரிசோதனை சுமார் 450 மூலச் சோடி நீளமான துண்டைத் தேடுகிறது. மற்றொன்று சுமார் 150, இன்னொன்று 65 மட்டுமே. மெழுகில் பதித்த பழைய இழையத்தில் 450 நீளத் துண்டு முழுதாகக் கிடைப்பது அரிது. 65 நீளத் துண்டு கிடைக்கக்கூடும். ஒரே மாதிரி ஒரு பரிசோதனையில் “இல்லை” எனவும் மற்றொன்றில் “உண்டு” எனவும் வருவது இதனால்தான்.

கின்ஷாசாவில் 1960இல் எடுக்கப்பட்டு, பூவான் திரவத்தில் பேணி மெழுகில் பதிக்கப்பட்டிருந்த நிணநீர்க்கணுவிலிருந்து எச்.ஐ.வியின் மரபணுப் பகுதிகளை ஆய்வாளர்கள் மீட்டதும் சிறு துண்டுகளைத் தேடியே. அம்முடிவு 2008இல் வெளியானது.

அறிக்கையில் பார்க்கவேண்டியது

நம்பத்தகுந்த ஆய்வுகூடம் வைரஸுடன் சேர்த்து மனித மரபணு ஒன்றையும் தேடும். பெரும்பாலும் அது பீட்டா குளோபின். அதுவும் கிடைக்காவிட்டால் மாதிரி பழுதானது என்பதே முடிவு. “வைரஸ் இல்லை” என்று அதை எழுதக்கூடாது. ஆகவே நோயாளியோ குடும்பத்தினரோ வைத்தியரிடம் மூன்றைக் கேட்கலாம்: மாதிரி எதில் பேணப்பட்டது? மனித மரபணு கிடைத்ததா? மெழுகில் பதித்த இழையம் இன்னும் இருக்கிறதா? இருந்தால் மீளச் சோதிக்க வாய்ப்புண்டு.

இலங்கையில் 2017 முதல் பாடசாலை மாணவிகளுக்கு இவ்வைரஸுக்கெதிரான தடுப்பூசி வழங்கப்படுகிறது. இடப்பெயர்வுக் காலத்தில் பரிசோதனைகளைத் தவறவிட்ட பெண்கள் இப்போதாவது சுகவனிதையர் சிகிச்சை நிலையத்தை நாடுவது நல்லது. அங்கு கருப்பைக் கழுத்திலிருந்து கலங்கள் மட்டுமே எடுக்கப்படும். இழையம் வெட்டப்படுவதில்லை.