வாக்கிய கணிதத்தில் ஒரு பேரெண்

தோல் பதனிடுந் தொழிலாற் பெயர்பெற்ற வேலூர், ஆம்பூர்ப் பகுதியிலே, பாலாற்றங்கரைக்கண் விரிஞ்சிபுரம் என்னுஞ் சிவத்தலம் உளது. அத்திருக்கோயிலிற் பகற்பொழுது காட்டுங் கல்லொன்று உண்டு. அதன்மீது குச்சியொன்றை வைப்பின், நிழல் வீழும் எண்ணே நேரமாகும். அக்கல் ஒரு பகலையே அளக்கும். அங்கு நிகழுங் கார்த்திகைக் கடைஞாயிற்று விழா முதலிய திருநாட்களுக்கு வேண்டும் வாரம், திதி, நாண்மீன் என்பவற்றைக் கல் காட்டாது. நெடுங்கால நாட்கணக்கே காட்டும்.

அக்கணக்கில் வாக்கிய பஞ்சாங்கத்தார் முதற்கண் எடுத்தாளும் எண் 16,00,984. இதனை வேதம் என வழங்குவர். கலியுகத் தொடக்கத்தினின்று இத்துணை நாள் கழிந்தது கி. பி. 1282 மே 22 ஆம் நாளில். அன்றைச் சூரியோதயத்திற் சந்திரன் தன் உச்சத்தில், அஃதாவது நிலவுலகிற்கு மிகச் சேய்மையில், நின்றதாகக் கொண்டனர். ஆகலின் கணக்கைப் புதிதாகத் தொடங்குதற்கு அந்நாள் ஏற்றதாயிற்று.

இவ்வெண் 8, 7, 11, 23, 113 என்பவற்றின் பெருக்கமாம். 7 ஆல் மீதமின்றி வகுபடலின், கலி தொடங்கிய வெள்ளிக்கிழமையே அந்நாளின் கிழமையுமாம். ஆதலால் கலிநாளினின்று இதனைக் கழித்தபின்னும் வாரக்கணக்குப் பிறழாது.

கழித்தபின் நிற்பதனை 12,372 ஆலும், அதன் மீதியை 3,031 ஆலும், அதன் மீதியை 248 ஆலும் முறையே வகுப்பர். சந்திரன் உச்சத்தினின்று மீண்டும் உச்சமெய்தும் சுற்றுக்கள் 9 முடிய ஏறத்தாழ 248 நாளும், 110 முடிய 3,031 நாளும், 449 முடிய 12,372 நாளும் செல்லும். 3,031 ஐ நான்கு மடங்காக்கி 248 ஐக் கூட்ட 12,372 வரும். 110 ஐ நான்கு மடங்காக்கி 9 ஐக் கூட்ட 449 வரும். எண்களின் இவ்வியைபு நோக்கத்தக்கது. 248, 3,031 என்னும் இவ்விரண்டும் எகிப்து நாட்டுக் கிரேக்க ஏட்டிலுங் காணப்படுகின்றன. இறுதியில் நிற்கும் மீதி, வரருசியார் பெயரால் வழங்கும் 248 வாக்கியங்களுள் எதனைக் கொள்ளவேண்டுமென்று காட்டும். முன் வகுத்த ஈவுகளுக்குரிய துருவங்களையும் கூட்டச் சந்திரன் நிலை பெறப்படும்.

இம்முறையின் எளிமைக்கு 1825 ஆம் ஆண்டின் நிகழ்ச்சியே சான்று. புதுச்சேரியிற் பஞ்சாங்கங் கணிப்பார் ஒருவர், சோழிகளைத் தரையிற் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டே அவ்வாண்டின் சந்திரகிரகணத்தைக் கணித்ததனை ஜான் வாரன் என்பார் எழுதிவைத்தனர். பிழை ஒரு மணி நேரத்தினுள் அடங்கிற்று.

வேதம் என்னும் பெயர்கொண்டு இவ்வெண்ணை மாற்றலாகாத மறையெனக் கருதுவாரும் உளர். எழுத்தால் எண் குறிக்குங் கடபயாதி முறையில், வடமொழி யுச்சரிப்பின்படி வே என்பது 4, த என்பது 8. வலமிருந்து நோக்கின் இவ்வெண்ணின் முதலீரிலக்கங்களும் அவையே. ஆகலின் அப்பெயர் எண்ணை நினைவிலிருத்துங் குறியாதலன்றிப் பிறிதன்று. வாக்கியங்கள் சந்திரகதியின் வேறுபாடுகள் அனைத்தையுங் கொள்ளாமையின், அவை தருந் திதிக்கும் வானிற் காணுந் திதிக்கும் இடையே நாழிகைகள் வேறுபடும். அவ்வேற்றுமையைக் கண்டு திருத்துதல் முன்னோர்க்கு இழுக்காகாது. கலிமுதலாய நெடுங்கணக்கை விடுத்துப் புதுத்தொடக்கம் வகுத்த அவர்தம் நெறியே அஃது என்க.