வழிகாட்டியின் கூலி

விம்கோ நகர்க் கடற்கரையில் நின்று கிழக்கே பார்த்தால், நங்கூரமிட்டுத் தம் முறைக்காகக் காத்திருக்கும் கப்பல்கள் தெரியும். அவற்றின் தலைவர்கள் உலகப் பெருங்கடல்களைக் கடந்து வந்தவர்கள். என்றாலும், கடைசிச் சில கிலோமீட்டர்களை அவர்கள் தாமாகக் கடப்பதில்லை. துறைமுகத்திலிருந்து ஒரு பைலட் சிறு படகில் சென்று, கயிற்றேணி வழியாகக் கப்பலில் ஏறுகிறார். அவர் சொல்லும் திசையில் கப்பல் திரும்புகிறது. அவர் சொல்லும் வேகத்தில் நகர்கிறது. இந்த இடத்தின் ஆழமும் நீரோட்டமும் அவருக்குத் தெரியும். கப்பல் தலைவருக்குத் தெரியாது. எனவே அவருக்குப் பட்டம் உண்டு, விதிப்படி ஊதியம் உண்டு, கப்பலின் பதிவேட்டில் இடமும் உண்டு.

இனி, நிலத்தின் மேல் இதே வேலையைச் செய்பவரை எண்ணிப் பாருங்கள். காட்டில் யானை எந்தப் பக்கம் போயிற்று, புலி எப்போது நீர் குடிக்க வரும், எந்தப் புற்றில் பாம்பு இருக்கும் என்று அறிந்து, அந்நியரை அழைத்துச் செல்கிறவர் அவர். அவரும் பைலட்தான். ஆனால் வரலாறு அவரை வேலையாள் என்றும் சுமைதூக்கி என்றும் துப்பாக்கி தூக்குபவன் என்றுமே எழுதி வைத்தது. இந்த வேற்றுமை எவ்வாறு தோன்றியது? இக்கட்டுரையில் அதைக் காண்போம்.

சஃபாரி என்னும் சொல்

இன்று சஃபாரி என்றதும் ஜீப் வண்டியில் அமர்ந்து சிங்கம் பார்ப்பது நினைவுக்கு வருகிறது. ஆனால் அச்சொல்லின் பொருள் பயணம் என்பதே. அரபு மொழியின் ‘சஃபர்’ கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழியில் ‘சஃபாரி’ ஆயிற்று. இந்துஸ்தானியிலும் ‘சஃபர்’ என்றால் பயணம்தான். இந்துமாக்கடலின் இரு கரைகளையும் இணைத்த வணிகம் இச்சொல்லையும் ஏற்றிச் சென்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சஃபாரி என்றால் நூற்றுக்கணக்கான ஆட்கள் தலைச்சுமையுடன் நடந்த நெடும்பயணம். அப்படிப்பட்ட பயணங்களில் புகழ்பெற்ற வழிகாட்டி ஒருவருக்கு நம் நாட்டோடு தொடர்பு உண்டு என்பது வியப்பூட்டும் செய்தி. அவர் பெயரே பம்பாய்!

சிதி முபாரக் பம்பாய்

இன்றைய தான்சானியாவும் மொசாம்பிக்கும் சந்திக்கும் பகுதியில் யாவோ இனத்தில், 1820-ஆம் ஆண்டையொட்டி அவர் பிறந்தார். சிறுவனாயிருந்தபோது அடிமை வணிகர்கள் அவரைப் பிடித்துச் சென்றனர். துணிக்கு ஈடாக விற்கப்பட்டு, சான்சிபார் வழியாக மேற்கு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். பெற்றோர் இட்ட பெயர் மறைந்தது. சிதி முபாரக் பம்பாய் என்ற பெயர் நின்றது. பல ஆண்டுகளுக்குப் பின் அவருடைய எசமானர் இறக்கவே, விடுதலை பெற்று ஆப்பிரிக்கா திரும்பினார்.

1857-இல் ரிச்சர்டு பர்ட்டன், ஜான் ஸ்பீக் என்னும் இரு ஆங்கிலேயர்கள் உள்நாட்டு ஏரிகளைத் தேடிப் புறப்பட்டனர். இருவரும் இந்தியாவில் படையில் பணியாற்றியவர்கள். ஸ்பீக்குக்கு ஆப்பிரிக்க மொழிகள் தெரியா. ஆனால் இந்துஸ்தானி தெரியும். பம்பாய்க்கும் தெரியும். ஆக, ஆப்பிரிக்காவின் நடுவில் ஆங்கிலேயரும் ஆப்பிரிக்கரும் பேசிக்கொண்டது ஓர் இந்திய மொழியில்! ஸ்பீக் இந்துஸ்தானியில் கேட்பார். பம்பாய் அதைச் சுவாகிலியில் சொல்வார். அங்கிருந்து அது உள்ளூர் மொழிக்குப் போகும். விடை அதே வழியில் திரும்பும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் ஆராய்ச்சி நின்றுவிடும்.

1858-இல் அக்குழு தங்கனிகா ஏரியை அடைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்பீக் வடக்கிலிருந்த பேரேரியைக் கண்டபோது பம்பாய் உடனிருந்தார். கரையில் வாழ்ந்த மக்கள் அதற்கு ஏற்கெனவே பெயர் வைத்திருந்தார்கள். ஸ்பீக் அதற்கு விக்டோரியா என்று தம் அரசியின் பெயரைச் சூட்டினார். 1860 முதல் 1863 வரை நைல் நதியின் பிறப்பிடம் தேடிய பயணத்திலும், 1871-இல் லிவிங்ஸ்டனைத் தேடிய ஸ்டான்லியின் பயணத்திலும் பம்பாய் சென்றார். 1873-இல் புறப்பட்ட கேமரனுடன் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை கண்டத்தையே குறுக்காகக் கடந்தார். அவர் வாழ்நாளில் நடந்த தொலைவு சுமார் 6,000 மைல் என்பர்.

இதற்கு அவர் பெற்றது என்ன? மாதக் கூலி, அவ்வப்போது அடி. பம்பாயைத் தாம் அடித்ததை ஸ்பீக் தம் நூலிலேயே எழுதியிருக்கிறார். ஸ்டான்லியின் நூலிலும் சாட்டையடிக்குக் குறைவில்லை. பாராட்டும் ஏச்சும் ஒரே பக்கத்தில் வருகின்றன: நேர்மையானவன், ஆனால் முரடன்; உழைப்பாளி, ஆனால் சோம்பேறி! முரண்பட்ட இவ்விரண்டும் ஒரு மனிதனைப் பற்றி எழுதப்பட்டன என்பதைவிட, ஓர் இனத்தைப் பற்றிய முன்முடிவோடு எழுதப்பட்டன என்பதே பொருந்தும்.

இலண்டனிலிருந்த ராயல் புவியியல் சங்கம் ஸ்பீக், பர்ட்டன், ஸ்டான்லி, கேமரன் ஆகிய நால்வருக்கும் தங்கப் பதக்கம் வழங்கியது. பம்பாய்க்கு வெள்ளிப் பதக்கமும், 1876-இல் ஒரு சிறு ஓய்வூதியமும் கிடைத்தன. அதுவே அக்காலத்தில் அரிய சிறப்பாகக் கருதப்பட்டது. அவர் 1885-இல் இறந்தார்.

ஆயிரம் மைல் சுமந்தவர்கள்

1873 மே முதல் நாள், இன்றைய சாம்பியாவில் லிவிங்ஸ்டன் இறந்தார். அவருடன் இருந்த ஆப்பிரிக்கர்கள் விரும்பியிருந்தால் அங்கேயே கலைந்து போயிருக்கலாம். அவர்களோ உடலைப் பதப்படுத்தி, நாட்குறிப்புகளையும் கருவிகளையும் சேர்த்து, ஏறத்தாழ ஆயிரம் மைல் சுமந்து கடற்கரைக்குக் கொண்டுவந்தனர். இந்தப் பயணத்தை நடத்திய தலைவர்கள் சூமா, சூசி என்போர். உடன் வந்த ஜேக்கப் வெயின்ரைட் நம் நாட்டு நாசிக்கில், விடுவிக்கப்பட்ட அடிமைச் சிறுவர்களுக்கான பள்ளியில் படித்தவர்.

1874 ஏப்ரலில் இலண்டனில் நடந்த அடக்கத்தில் வெயின்ரைட் மட்டுமே கலந்துகொள்ள முடிந்தது. சூமாவும் சூசியும் அதன்பின்தான் இங்கிலாந்துக்கு அழைக்கப்பட்டனர். லிவிங்ஸ்டனின் கடைசி நாட்குறிப்புகளைப் பதிப்பிக்க அவர்களுடைய நினைவாற்றல் தேவைப்பட்டது. தலைமையேற்று ஒரு குழுவை ஒன்பது மாதம் நடத்திச் சென்ற ஆற்றலை நாம் வேறு எவரிடம் கண்டாலும் என்ன பெயர் சொல்வோம்? ஆய்வுப் பயணத் தலைவர் என்போம். இவர்களை வரலாறு ‘உண்மையுள்ள ஊழியர்கள்’ என்று அழைத்தது.

ஜெபமாலையால் அளந்தவர்

இதே சங்கம் 1877-இல் ஓர் இந்தியருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. அவர் குமாவூன் மலைநாட்டைச் சேர்ந்த நயின்சிங். அந்நியர் புகமுடியாத திபெத்தில் யாத்திரிகர் வேடத்தில் சென்று நில அளவை செய்தவர். ஒவ்வோர் அடியையும் ஒரே அளவாக வைக்கப் பழகியிருந்தார். அவருடைய ஜெபமாலையில் 108 மணிகளுக்குப் பதில் 100 மணிகள் இருந்தன. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளினால், மாலை ஒரு சுற்று முடிய 10,000 அடி.

உயரத்தை அளந்தது இன்னும் நயமானது. உயரம் மிகுந்தால் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி செல்சியஸ் குறைகிறது. லாசா நகரில் நீர் சுமார் 88 டிகிரியில் கொதிக்கும். தேநீருக்கு நீர் காய்ச்சுகிறவர் போல அமர்ந்து, வெப்பமானியைப் பார்த்து மலையின் உயரத்தைக் கணக்கிட்டார் நயின்சிங்.

பம்பாய்க்கு வெள்ளி, நயின்சிங்குக்குத் தங்கம். ஏன்? உயிருக்குத் துணிந்ததில் இருவரும் சமம். நயின்சிங்கின் அறிவு எண்களாகத் தாளில் வந்தது. பம்பாயின் அறிவு சொல்லிலும் செயலிலும் தங்கிவிட்டது. தாளில் வராத அறிவை அறிவு என ஏற்க அக்கால அறிவியல் தயாராக இல்லை. அதை ‘இயல்புணர்ச்சி’ என்றார்கள். இரத்தத்தில் ஊறியது என்றார்கள். இதுதான் இனவாதத்தின் நுட்பமான தந்திரம். ஒருவன் கற்றுப் பெற்ற திறமையை அவன் இனத்தின் இயல்பாக்கிவிட்டால், அதற்குத் தனியே கூலி தர வேண்டியதில்லை அல்லவா?

தடம் பார்ப்பது அறிவியலா?

மண்ணில் ஒரு காலடி இருக்கிறது. அதன் விளிம்பு கூர்மையாக உள்ளதா, காற்றில் உதிர்ந்துள்ளதா? அடியில் ஈரம் இருக்கிறதா? அதன்மேல் பூச்சி ஊர்ந்த கோடு உண்டா? இரவில் ஊரும் பூச்சியானால், விலங்கு அதற்கு முன்பே போயிருக்க வேண்டும். முன்கால் தடத்துக்கும் பின்கால் தடத்துக்கும் உள்ள இடைவெளி வேகத்தைச் சொல்லும். இவற்றிலிருந்து தடம் பார்ப்பவர் ஒரு முடிவை ஊகிக்கிறார். அடுத்த தடம் அங்கே இருந்தால் ஊகம் சரி. இல்லையேல் வேறு ஊகம். கருதுகோள் அமைத்துச் சோதிக்கும் முறை என்று நாம் வகுப்பில் கற்பிப்பது இதைத்தானே!

தென்னாப்பிரிக்காவின் லூயி லீபன்பர்க் 1990-இல் வெளியிட்ட நூலில், தடம் பார்க்கும் கலையே அறிவியலின் தொடக்கமாக இருக்கலாம் என்று வாதிட்டார். கருத்தோடு நிற்காமல், எழுதப் படிக்கத் தெரியாத தடம் பார்ப்பவர்கள் படக்குறிகளைத் தொட்டுத் தம் காட்சிகளைப் பதிவுசெய்யும் கணிப்பொறிக் கருவியையும் 1990-களில் உருவாக்கினார். தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்கும் முறையும் வந்தது. பம்பாய்க்குக் கிடைக்காத தாள் அவர் வழித்தோன்றல்களுக்குக் கிடைத்தது எனலாம்.

இடைக்காலத்தில் நடந்தது வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்யாவில் சஃபாரி என்பது செல்வர்களின் வேட்டையாயிற்று. 1909-இல் அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் நூற்றுக்கணக்கான சுமைதூக்கிகளுடன் வந்தார். வேட்டையை நடத்திக் கொடுத்தவர்களுக்கு ‘வெள்ளை வேட்டைக்காரர்’ என்றே பெயர். தடம் கண்டுபிடித்த ஆப்பிரிக்கர் துப்பாக்கி தூக்குபவர். அதே ஆப்பிரிக்கர் தம் குடும்பத்துக்காக வேட்டையாடினால் திருட்டு வேட்டை! 1977-இல் கென்யா வேட்டையைத் தடைசெய்தது. கேமராச் சஃபாரி வளர்ந்தது.

நம் கரைக்கு வருவோம்

இக்கதை தொலைவில் நடந்தது என்று எண்ண வேண்டாம். சென்னைத் துறைமுகப் பணி 1876-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் கப்பல்கள் அலைகளுக்கு அப்பால் நின்றன. பயணிகளைக் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்ட அவை, அலை மோதும்போது வளைந்து கொடுத்தன. விறைப்பான ஐரோப்பியப் படகுகள் உடைந்தன. எந்த அலையின் முதுகில் ஏறுவது என்பதைத் தீர்மானித்தவர் நம் கடற்கரைப் படகோட்டிகளின் தலைவரான தண்டல். ஆளுநர்களின் உயிரும் அவர் கையில்தான் இருந்தது. ஆனால் அவருடைய கட்டணத்தைத் துறைமுக அதிகாரிகள் நிர்ணயித்தனர்.

செங்கற்பட்டு வட்டார இருளர்களின் கதை இன்னும் அண்மையது. பாம்புத்தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்து வந்தவர்கள் அவர்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், அதன்பின் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் பாம்புகளைக் காத்தன. இருளரின் பிழைப்பையும் பறித்தன. நேற்றுவரை தொழிலாக இருந்தது இன்று குற்றமாயிற்று.

1978-இல் ரோமுலஸ் விட்டேக்கர் முதலியோரின் துணையுடன் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. வடநெம்மேலியில் இன்றும் இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து வந்து, சில வாரங்கள் மண்பானைகளில் வைத்து நஞ்சு எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றிப் பெறும் எதிர்ப்புப் பொருளே பாம்புக்கடி மருந்து. இங்கே உழைப்பவர் உறுப்பினர். அவர் திறமைக்கு விலை உண்டு.

2017-இல் அச்சமூகத்தின் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். அங்கே பர்மிய மலைப்பாம்புகள் பெருகி மற்ற விலங்குகளை அழித்து வந்தன. முந்தைய ஆண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்ட போட்டியில் ஒரு மாதத்தில் பிடிபட்டவை 106. இவ்விருவர் குழு முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்தது. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

முதுமலையில் 2021 அக்டோபரில் ஒரு புலியை உயிரோடு பிடிக்கப் பல நாள் தேடியபோதும், ஆதிவாசிகளான தடம் பார்ப்போரின் கண்களையே வனத்துறை நம்பியிருந்தது. ஆனால் இத்தகைய காவலர்களில் பலர் நெடுங்காலம் தற்காலிகப் பணியாளராகவே இருந்து வந்திருக்கிறார்கள். விருது ஒரு நாள் செய்தி. மாத ஊதியம்தான் வாழ்க்கை.

நியாயம் என்பது என்ன?

மாணவர்களே, பைலட்டுக்கும் பம்பாய்க்கும் உள்ள வேற்றுமை அறிவில் இல்லை. மூன்று இடங்களில் இருக்கிறது. ஒன்று, செய்தவரின் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். இரண்டு, கூலி ஒருவரின் தயவில் இல்லாமல் விதியில் இருக்க வேண்டும். மூன்று, அந்த விதியை வகுக்கும்போது அவருக்கும் ஒரு குரல் வேண்டும். இருளர் சங்கம் கற்பிக்கும் பாடம் இதுவே.

அடுத்த முறை பாட நூலில் ‘இன்னார் இந்த ஏரியைக் கண்டுபிடித்தார்’ என்று படிக்கும்போது சற்று நிறுத்துங்கள். அவர் அந்த ஏரிக்கு எப்படிப் போனார், யாரிடம் வழி கேட்டார், எந்த மொழியில் கேட்டார் என்று வினவுங்கள். வகுப்பில் யாராவது ‘அது அவர்கள் இரத்தத்திலேயே இருக்கிறது’ என்று சொன்னால், அதைக் கற்க எத்தனை ஆண்டு ஆயிற்று என்று கேளுங்கள்.